சந்தகை அச்சில் பிழிந்த கறுப்புக் குச்சி

சிங்கப்பூர் ஜப்பான்காரர் கைக்குப் போன வருடம், கோடை மழை ஓய்ந்த சமயத்தில், என் கணவரின் அக்கா எங்களோடு தங்குவதற்காகச் சூரமங்கலம் வந்து சேர்ந்தார். கணவரின் அக்காவை நாங்கள் நங்கை என்று கூப்பிடுவோம். திருச்செங்கோட்டுக்குக் கிழக்கே கிணற்றுப் பாசனமும் நிலக்கடலைக் காடுமாக வசதியான குடும்பம் அவருடையது. அதுவரை கல்யாணம் காட்சிக்குச் சேலம் வந்தால்கூட எங்கள் வீட்டில் தங்கியதில்லை. அன்று பஸ்ஸிலிருந்து இறங்கியபோது அவரோடு ஒரு மூட்டை கம்பும், இடியாப்பம்போன்ற சந்தகை பிழியும் மூன்று கால் அச்சும், கம்பளியில் சுற்றிய ஒரு ரேடியோப் பெட்டியும் இறங்கின.

“எத்தன நாளைக்குன்னு கேக்காத புள்ளே,” என்றார் என்னைப் பார்த்ததும். “எங்கூர்ல கரண்டு இல்ல. உங்கூட்டுல இருக்குது. அதுக்குத்தான் வந்துருக்கறேன்.”

அவருடைய ஒரே மகன் மலாயாவில் ரப்பர் தோட்டம் ஒன்றில் கிராணியாக, கணக்கெழுதும் வேலையில் இருந்தான். சண்டை அங்கே எட்டியதிலிருந்து தகவல் இல்லை. தபால் நின்றுபோயிற்று. அந்த நேரத்தில்தான் ஈரோட்டுச் சந்தையில் யாரோ ஒருவர், சிங்கப்பூரிலிருந்து சாயங்காலத்தில் தமிழில் ஒலிபரப்புகிறார்கள், அங்கே மாட்டிக்கொண்ட நம்மவர்கள் ஊரும் பேரும் சொல்லி ‘சுகமாக இருக்கிறோம்’ என்று தகவல் கொடுக்கிறார்கள் என்று நங்கையின் வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறார். ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தை விட்டுவிட்டு ஊருக்குப் புறப்பட்ட வெள்ளைக்காரர் ஒருவரிடம் அவர் ரேடியோவை வாங்கினார். வாங்கிய பிறகுதான் அது மின்சாரம் இல்லாமல் பேசாது என்பது தெரிந்தது.

எனக்கும் நங்கைக்கும் அவ்வளவாக ஒட்டுதல் இல்லை. நான் சென்னையில் ஒரு பெண்கள் கல்லூரியில் இன்டர்மீடியட் வரை விஞ்ஞானம் படித்தவள். பெண் பார்க்க வந்த அன்று அவர் என் அம்மாவிடம் கேட்ட ஒரே கேள்வி, “காலேசு படிச்ச புள்ளைக்குக் களி கிண்ட வருமுங்களா?” என்பதுதான். அம்மா வரும் என்று சொல்லிவிட்டாள். வராது என்பதை நங்கை கல்யாணமான மறுவாரமே கண்டுபிடித்தார்.

ரேடியோவை எங்கள் முன்னறையில் அலமாரி மேல் வைத்தோம். விளக்கு வைத்த பிறகு கதவைச் சாத்திவிட்டு, சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேட்போம். எதிரி நாட்டு ஒலிபரப்பைக் கூட்டம் கூட்டிக் கேட்கக் கூடாது என்று கட்டுப்பாடு இருந்தது. நங்கை பெட்டிக்கு முன் பலகை போட்டு உட்கார்ந்துகொள்வார். இரைச்சலுக்கு நடுவே ஒருவர் பெயர், தகப்பனார் பெயர், ஊர், தாலுகா என்று படிப்பார். பிறகு ‘நலம், கவலைப்பட வேண்டாம்’ என்று ஒரு வரி. தஞ்சாவூர்ப் பக்கத்து ஊர்கள், ராமநாதபுரம், திருச்சி என்றுதான் பெரும்பாலும் வரும். எப்போதாவது ஒரு நாள் சேலம் ஜில்லா என்ற சொல் கேட்கும். அப்போது நங்கையின் முதுகு நிமிரும். பெயர் வேறாக இருக்கும். அவருக்கு எழுதத் தெரியாது. ஆனால் கேட்ட பெயரையும் ஊரையும் அப்படியே திருப்பிச் சொல்வார். மறுநாள் காலையில் கேட்டாலும் ஒரு எழுத்துப் பிசகாது.

ஆடி பிறந்த பிறகு ஒரு சாயங்காலம் பெட்டி எரியவில்லை. குமிழைத் திருகினால் சிறு விளக்குகூட வரவில்லை. கடைவீதியில் ரேடியோ பழுது பார்ப்பவர் ஒருவர் இருந்தார். ஆத்தூர்ப் பக்கத்து மனிதர். அவரை என் கணவர் கூட்டிக்கொண்டு வந்தார். அவர் பின்பக்க அட்டையைக் கழற்றி, உள்ளே விரலை விட்டு, சுண்டுவிரலின் ஒரு கணு நீளத்தில் இரண்டாக முறிந்த ஒரு கறுப்புக் குச்சியை எடுத்தார். இரண்டு முனையிலும் கம்பி இருந்தது. கரிக் குச்சி என்றுதான் நான் நினைத்தேன்.

“இதுதான் போயிருக்கு,” என்றார். “இது வெளிநாட்டுச் சாமான். சண்டை முடியுற வரைக்கும் கப்பலில் வராது.”

“கம்பிய வெச்சு முடிஞ்சு உட்டுருங்க சாமி,” என்றார் நங்கை.

“செய்யலாம் அம்மா. வேறொரு பெட்டியில் செஞ்சேன். வால்வு ஒன்னு எரிஞ்சு போச்சு. வால்வும் இப்போ கிடைக்காது.”

அவர் எங்களுக்கு விளக்கினார். அந்த மாதிரிப் பெட்டியில் வால்வுகளுக்குள் இருக்கும் சூட்டுக் கம்பிகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே சரத்தில் கோக்கப்பட்டிருக்கும். கம்பி ஆறிக் கிடக்கும்போது மின்சாரத்தைத் தடுக்கும் சக்தி அதற்குக் குறைவு. அதனால் குமிழைத் திருகிய உடனே வெள்ளம்போல் மின்சாரம் பாய்ந்து, பலவீனமான கம்பியை எரித்துவிடும். இந்தக் கறுப்புக் குச்சி அதைக் காக்கிறது. இது நேர்மாறான குணமுள்ளது. ஆறியிருக்கும்போது தடுக்கும், சூடேறச் சூடேற வழிவிடும். பெட்டி பேச ஆரம்பிக்க அரை நிமிஷம் ஆவது இதனால்தான். சாதாரணத் தடைக்கம்பியைச் சுற்றி வைத்தும் அவர் பார்த்திருக்கிறார். அது சூடானாலும் வழிவிடாது. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் தேய்ந்துவிட்டது.

அன்று சாயங்காலமும் நங்கை பலகையைப் போட்டு, பேசாத பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. அடுப்படியில் நின்றபடி என் கணவரிடம், “அந்தக் குச்சி எதுல செஞ்சதுன்னு பாத்துச் சொல்ல முடியுமுங்களா?” என்று கேட்டேன்.

அவர் பக்கத்தில் சுண்ணாம்புக் கரடு என்ற குன்றுகளில் வெள்ளைக்கல் சுடும் ஆலையொன்றில் ரசாயனக்காரராக இருந்தார். வெள்ளைக்கல் என்பது மேக்னசைட். அதைச் சூளையில் சுட்டு, இரும்பு உலைகளுக்கு உள்சுவர் கட்டும் செங்கல்லாக்கி அனுப்புவார்கள். கல்லில் என்ன கலந்திருக்கிறது, செங்கல் எத்தனை சூடு தாங்கும் என்று பார்ப்பது அவர் வேலை. குச்சியில் ஒரு துணுக்கை ஆலைக்கு எடுத்துப் போனார். இரண்டு நாள் கழித்து வந்து, “மக்னீசியம் இருக்குது. நம்ம வெள்ளைக்கல்லுல இருக்கறதுதான். கூட இன்னொன்னு இருக்குது, அது என்னன்னு எங்கிட்ட இருக்கற திராவகத்தையெல்லாம் ஊத்தியும் தெரியல,” என்றார்.

எனக்குக் கல்லூரியில் பார்த்த ஒரு சோதனை ஞாபகம் வந்தது. ஒரு கண்ணாடிக் கோலை மின்கம்பிகளுக்கு நடுவே வைத்தால் விளக்கு எரியாது. அதே கோலை அடியில் சுடர் வைத்துச் சிவக்கக் காய்ச்சினால் விளக்கு மெல்ல எரிய ஆரம்பிக்கும். உலோகம் சூடானால் மின்சாரத்தைக் கூடுதலாகத் தடுக்கும், சில மண்ணும் கல்லும் சூடானால் வழிவிடும் என்று எங்கள் ஆசிரியை சொல்லிக்கொண்டு போனார். பரீட்சைக்கு அது வராததால் யாரும் அதற்கு மேல் கேட்கவில்லை.

அப்படியானால் எந்தக் கல், எந்த மண் என்பதுதான் கேள்வி. கஞ்சமலை அடிவாரத்து ஓடைகளில் மழைக்குப் பிறகு கறுமணல் படியும். அது காந்தத்தில் ஒட்டும் இரும்புக்கல்லின் தூள். என் கணவர் காந்தத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு போய் ஒரு பை நிறைய எடுத்து வந்தார். டார்ச் செல் இரண்டையும், ரேடியோக்காரரிடம் இரவல் வாங்கிய முள் ஓடும் மீட்டரையும் வைத்து அதைச் சோதித்தேன். பச்சையாகவே மின்சாரம் ஓடியது. தோசைக்கல்லில் வைத்துச் சூடாக்கினேன். முள் கொஞ்சம்தான் நகர்ந்தது.

“ரொம்ப தாராளமா உடுது,” என்றேன். “இதோட, மின்சாரமே போகாத ஏதாச்சும் ஒன்னக் கலந்தா, ஆறியிருக்கறப்போ தடுக்கும்.”

என் கணவர் யோசித்தார். அவருக்கு அது செங்கல் விஷயம். இரும்புக்கல்லைப் போலவே உள்ளே அணுக்கள் அடுக்கியிருக்கும் வேறு கல்லை அதோடு சேர்த்துச் சுட்டால்தான் இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று கரையும், இல்லாவிட்டால் எள்ளும் அரிசியுமாகத் தனித்தனியே கிடக்கும் என்றார். வெள்ளைக்கல் வெட்டும் இடத்தில் அங்கங்கே கறுப்பு உருண்டையாகக் குரோம் கல் வரும். அதை ஒதுக்கிக் குவித்து வைத்திருப்பார்கள். குரோம் கல்லையும் சுட்ட வெள்ளைக்கல்லையும் சேர்த்தால் அது ஒரு அடுக்கு, கறுமணலும் அதே அடுக்கு. மூன்றும் சேலத்தைச் சுற்றியே கிடக்கிற சாமான்கள். ஆலை மானேஜரிடம், செங்கல் சோதிக்கிற சின்ன உலையின் மூலையில் சொந்த வேலையாக ஒரு குகையை, சூடு தாங்கும் மண் பாத்திரத்தை, வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். ஆலைக் கரியைக் கூடுதலாகச் செலவழிக்கக் கூடாது என்று சொல்லி மானேஜர் சம்மதித்தார்.

இதையெல்லாம் நங்கை பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு நாள் நான் அம்மியில் குரோம் கல்லை நுணுக்க முடியாமல் திண்டாடுகையில் பக்கத்தில் வந்து நின்றார்.

“என்ன புள்ளே அரைக்கறே?”

“குச்சி செய்யறதுக்குங்க நங்கை.”

“எந்தக் குச்சி? அந்த ரேடியாக் குச்சியா?” என்றார். பிறகு, “தள்ளு அக்கட்ட,” என்று முந்தானையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தார். அவர் அரைத்த மாவு கண்மை மாதிரி இருந்தது.

முதல் சுட்டெடுப்பு அந்த மாவால்தான் கெட்டது. அம்மியின் கல்லும் மாவோடு சேர்ந்து வந்துவிட்டது. சுட்ட பிறகு குச்சியின் மேல் கண்ணாடிபோல் பளபளப்பு ஏறியிருந்தது, முள் அசையவே இல்லை. அதன்பின் ஆலையிலிருந்து இரும்பு உரலை எடுத்து வந்து அதில்தான் இடித்தோம். உரலிலிருந்து கொஞ்சம் இரும்பு சேர்ந்தாலும் எங்கள் கலவையில் ஏற்கனவே இரும்பு இருந்ததால் பாதகமில்லை. இடித்ததை மெல்லிய துணியில் சலித்து, தண்ணீர் விட்டுக் கலக்கி, மூன்று மாவும் ஒன்றாகிற வரை மறுபடி அரைத்துக் காயவைத்தோம்.

அதைக் குச்சியாக்குவது அடுத்த தொல்லை. நான் பலகையில் வைத்து உருட்டினேன். ஒரு பக்கம் தடித்தும் ஒரு பக்கம் மெலிந்தும் வந்தது. மெலிந்த இடத்தில் சூடு கூடி முறிந்துவிடும் என்று ரேடியோக்காரர் எச்சரித்திருந்தார். நங்கை என் உருட்டலைப் பார்த்துவிட்டு உள்ளே போய்ச் சந்தகை அச்சைத் தூக்கி வந்து முற்றத்தில் வைத்தார்.

“அதுல சோறு திங்கறதுங்க நங்கை,” என்றேன்.

“கழுவிக்கலாம்.”

வெறும் தண்ணீர் விட்டுப் பிசைந்தால் மாவு உதிர்ந்தது. அரிசி கிடைக்காத காலம். ஊரெல்லாம் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி மாவில்தான் பாதிச் சாப்பாடு. அந்தக் கிழங்கு மாவில் கஞ்சி காய்ச்சி விட்டுப் பிசைந்தோம். வழுக்கலுக்கு ஒரு சொட்டு விளக்கெண்ணெய். உள்ளே காற்றுக் குமிழ் இருந்தால் சுடும்போது வெடிக்கும் என்று என் கணவர் சொன்னதால், நங்கை அதைப் பலகையில் அறைந்து அறைந்து பிசைந்தார். அச்சின் மரத்தை இருவருமாக அழுத்தினோம். கறுப்பு நூல் நூலாக இறங்கியது. நான் அடியில் கண்ணாடித் தகட்டைப் பிடித்து நேராக வாங்கிக்கொண்டேன். நங்கை அதை வெயிலில் வைத்தார். சிறிது நேரத்தில் எல்லாம் வில்லாக வளைந்துவிட்டன. அடுத்த ஈட்டை நான் நிழலில், ஈரத்துணி மூடி, மெதுவாகக் காயவிட்டேன். அவை நேராக நின்றன.

“உங் காலேசுல இதுவும் சொல்லிக் குடுத்தாங்களா?” என்று கேட்டார். கேலியாகத்தான் கேட்டார். ஆனால் அவர் என்னிடம் கேலி பேசியது அதுதான் முதல் முறை.

அச்சைப் பலமுறை கழுவினோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிழிந்த சந்தகை சாம்பல் நிறத்தில் வந்தது. என் கணவர் இரும்புச் சத்து என்று சொல்லிச் சாப்பிட்டார். நங்கை அதை மாட்டுக்குப் போடச் சொல்லிவிட்டு, ஊரிலிருந்து வேறு அச்சு அனுப்பச் சொல்லி ஆள் விட்டார்.

சுடுவதில்தான் நாள் போயிற்று. குகையில் குச்சிகளை அடுக்கித் திறந்தபடி சுட்டபோது எல்லாம் ஈரல் நிறத்தில் சிவந்து வந்தன. கறுமணல் காற்றைக் குடித்துத் துருவாகிவிட்டது என்றார் என் கணவர். அதில் மின்சாரம் சுத்தமாக ஓடவில்லை. காற்றைத் தடுக்கக் கரித்தூளில் புதைத்துச் சுட்டார். இந்த முறை அதற்கு நேரெதிர். கரி, இரும்பை இரும்பாகவே பிரித்துவிட்டது. குச்சியின் மேல் கடுகுபோல இரும்பு மணிகள் வேர்த்திருந்தன. முள் ஒரேயடியாகத் தாவி மறுகோடியில் மோதியது. மூன்றாவது முறை, குச்சிக்குப் போட்ட அதே கலவைத் தூளிலேயே குச்சியைப் புதைத்து, குகையின் வாயைக் களிமண்ணால் மூடி, உலையிலிருந்து அவசரமாக எடுக்காமல் அதிலேயே ஆறவிட்டார். சுற்றியுள்ள தூள் கெட்டாலும் உள்ளே இருக்கும் குச்சி கெடாது என்பது அவர் கணக்கு. அவர் அதை ஒரு துணியில் பொதிந்து வீட்டுக்குக் கொண்டுவந்து பிரித்தபோது, குச்சிகள் சுருங்கி, கறுத்து, தரையில் போட்டால் கணீரென்று ஒலித்தன.

தோசைக்கல்லில் ஒன்றை வைத்தேன். ஆறியிருக்கும்போது முள் படுத்தே கிடந்தது. கல் சூடேறச் சூடேற மெல்ல எழுந்தது. தண்ணீர் தெளித்தால் சுர்ரென்று ஆவி பறக்கும் சூட்டில், முள் பாதி தூரத்துக்கு மேல் வந்துவிட்டது. கல்லை இறக்கி வைத்தேன். அது மறுபடி மெல்லப் படுத்தது. நங்கை என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார்.

“உசுரு இருக்கறாப்ல இருக்குது,” என்றார்.

முனைகளில் செப்புக் கம்பியை இறுக்கிச் சுற்றிப் பார்த்தோம். தொடும் இடத்தில் பொறி தட்டியது. செவ்வாப்பேட்டையில் கொலுசு வேலை செய்யும் ஒருவரிடம் அரத்தூளாகக் கொஞ்சம் வெள்ளி வாங்கினோம். எதற்கு என்று அவர் கேட்டார். ரேடியோவுக்கு என்றதும் நம்பவில்லை, பல் அடைக்கத்தானே என்றார். என் கணவர் அதைத் திராவகத்தில் கரைத்து, மறுபடி மிக மெல்லிய தூளாக்கி, எண்ணெயில் குழைத்தார். அதைக் குச்சியின் இரு முனையிலும் கோழி இறகால் தடவி, தணலில் காட்டினேன். எண்ணெய் எரிந்து, வெள்ளி மட்டும் தோலாகப் பிடித்துக்கொண்டது. அதன்மேல் கம்பியைச் சுற்றினால் பொறி தட்டவில்லை.

ரேடியோக்காரர் வந்து முதல் குச்சியைப் பொருத்தினார். குமிழைத் திருகியதும் குச்சியின் நடுவில் ஒரு சிவப்புக் கோடு ஓடி, டப்பென்று பிளந்தது. நங்கை காதைப் பொத்திக்கொண்டார். நல்ல வேளையாக வால்வுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுத்ததை ரேடியோக்காரர் கையில் வைத்து வெகு நேரம் திருப்பிப் பார்த்துப் பொருத்தினார். சிறு விளக்கு வந்தது. வால்வுகளுக்குள் செம்மை மெதுவாக ஏறியது. பிறகு இரைச்சல். இரைச்சலுக்குள்ளிருந்து திருச்சியிலிருந்து வந்த நாதஸ்வரம். ரேடியோக்காரர் சிரித்தபடி, “இன்னும் கொஞ்சம் கொடுங்க, எங்கிட்ட நாலஞ்சு பெட்டி செத்துக் கிடக்குது,” என்றார். நங்கை நாதஸ்வரத்தைக் கேட்கவில்லை. “சிங்கப்பூரைப் புடிங்க சாமி,” என்றார்.

அந்த ஐப்பசியில் ஒரு சாயங்காலம், நாமக்கல் தாலுகா, மோகனூர் அருகே ஒரு ஊரின் பெயரைச் சொல்லி, ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டும் ஒருவர் தம் தகப்பனாருக்குத் தகவல் கொடுத்தார். நலம், கை கால் சுகம், கவலைப்பட வேண்டாம். நங்கை அதை வாய்க்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார்.

“இத அவுங்க கேட்டுருப்பாங்களா?” என்று என்னைக் கேட்டார்.

“அந்த ஊர்ல ரேடியோ இருக்காதுங்க நங்கை.”

“அப்பப் போயிச் சொல்லோணும்,” என்றார்.

மறுநாள் காலையில் நாங்கள் இருவரும் நாமக்கல் பஸ் ஏறினோம். அங்கிருந்து மோகனூர் ரோட்டில் இறங்கி, வாழைத் தோட்டங்களுக்கு நடுவே விசாரித்து நடந்தோம். அது கூலி வேலை செய்யும் குடும்பம். வாசலில் பெரியவர் ஒருவர் கயிறு முறுக்கிக்கொண்டிருந்தார். உள்ளிருந்து வெள்ளைச் சீலை கட்டிய சின்னப் பெண் ஒருத்தி முறத்தோடு வந்து எட்டிப் பார்த்தாள். அவளுக்கு இருபது வயதுகூட இருக்காது.

“ஏனுங்க, மலாயாவுக்குப் போன பையன் ஊடு இதுதானுங்களா?” என்றார் நங்கை.

பெரியவர் முறுக்குவதை நிறுத்தவில்லை. “இதுதானுங்க. இப்ப அவன் இல்லீங்க. குண்டு போட்டு எல்லாம் போயிருச்சுன்னு திரும்பி வந்தவங்க சொன்னாங்க. செய்யறதச் செஞ்சுட்டோமுங்க. கருமாதி முடிஞ்சு ரெண்டு மாசமாச்சு.”

நான் நங்கையைப் பார்த்தேன். நங்கை வாசலிலேயே உட்கார்ந்து, ரேடியோவில் கேட்டதைப் படித்தவர் குரலிலேயே ஒப்பித்தார். பையன் பெயர், தகப்பனார் பெயர், ஊர், தாலுகா, நலம், கை கால் சுகம்.

கயிறு அவிழ்ந்து தரையில் சுருண்டது. “நீங்க யாருங்க?” என்றார் பெரியவர். “யாரு உங்கள இதுக்கு அனுப்புச்சது?”

“யாரும் அனுப்பலீங்க. என்ற பையனும் அங்கதான் இருக்கறான். அவன் பேரு வருமான்னு நான் தெனமும் கேக்கறேன். உங்க பையன் பேரு வந்துச்சு.”

“அவரு குரலா கேட்டுச்சுங்க?” என்றது உள்ளேயிருந்து ஒரு குரல். அந்தப் பெண் கதவுக்குப் பின்னால் போய்விட்டிருந்தாள்.

“இல்ல சாமி. வேற ஒருத்தரு படிச்சாரு. பொய் சொல்லக் கூடாது. எப்பச் சொன்னதோ, அதுவுந் தெரியல. ஆனா அவன் சொன்னதுதான்.”

பெரியவர் இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். நங்கை சொன்னார். தகப்பனார் பெயர் வரும் இடத்தில் பெரியவர் தன் மார்பில் கையை வைத்துக்கொண்டார். பிறகு சின்னப் பிள்ளைபோல், “அப்ப இப்ப என்னங்க செய்யறது?” என்று கேட்டார்.

“மொதல்ல அந்தப் புள்ளைக்கு ஒரு கலர்ச் சீல எடுத்துக் குடுங்க,” என்றார் நங்கை.

திரும்பும்போது பஸ்ஸில் அவர் நெடுநேரம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். ராசிபுரம் தாண்டியதும், “தப்பாப் போயிருமா புள்ளே? சொன்னதுக்கப்பறம் அவனுக்கு ஏதாச்சும் ஆகியிருந்தா?” என்று கேட்டார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் விலக்கிக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் ஜில்லா ஊர் எது வந்தாலும் போவது வழக்கமாயிற்று. ஆத்தூர், ஓமலூர், பரமத்தி என்று போனோம். சில வீடுகளில் அழுதார்கள், ஒரு வீட்டில் எங்களைக் குறிகாரிகள் என்று நினைத்து விரட்டினார்கள். மோகனூர்க்காரர் யுத்தம் முடிந்து ஊர் வந்து சேர்ந்தார் என்று பின்னாளில் வாழைத்தார் வியாபாரி ஒருவர் மூலம் தெரிந்துகொண்டோம். அவர் எங்களைப் பார்க்க வரவில்லை. வர வேண்டிய அவசியமும் இல்லை.

குச்சிகள் சில மாதங்களுக்கு மேல் தாங்காது. காற்றுப் பட்டுச் சூட்டில் கிடந்து மெல்ல மெல்லத் தடை ஏறி, குரல் தேயும். வேறு மாற்றுவோம். ரேடியோக்காரருக்கும் கொடுத்தோம். ஒரே மாவு, ஒரே அச்சு, ஒரே குகை. இருந்தும் ஒரு குச்சி போல் இன்னொன்று வராது. குகையின் ஓரத்தில் வைத்தது ஒரு மாதிரி, நடுவில் வைத்தது ஒரு மாதிரி. பெரும்பாலானதைத் தூக்கி எறிந்தோம். அவற்றைப் பார்க்கும்போது, அந்நிய தேசத்தில் எங்கோ ஒரு தொழிற்சாலையில் எல்லாக் குச்சியையும் ஒன்றுபோலச் செய்கிறவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்று என் கணவர் பெருமூச்சு விடுவார். அதற்குத் தெர்மிஸ்டர் என்று ஒரு பெயர் உண்டு என்பதே யுத்தம் முடிந்து வந்த பத்திரிகை ஒன்றைப் பார்த்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. மாங்கனீசும் நிக்கலும் கலந்து சுடுகிறார்கள் என்று அதில் போட்டிருந்தது.

நங்கையின் மகன் பெயர் ஒரு நாளும் வரவில்லை. ஒலிபரப்பு நின்ற பிறகும் அவர் ஊருக்குப் போகவில்லை. யுத்தம் முடிந்த மறுவருடம், கப்பல்கள் வரத் தொடங்கிய பிறகு, சென்னையிலிருந்து தந்தி வந்தது. சேலம் ஜங்ஷனுக்குப் போனோம். வண்டியிலிருந்து இறங்கியவனை நாங்கள் மூவருமே அடையாளம் காணாமல் விட்டுவிட்டோம். அவனாகத்தான் பக்கத்தில் வந்து “அம்மா” என்றான். தலைமுடி பாதி கொட்டியிருந்தது. ஒரு காலில் நாள்பட்ட புண் ஆறிய பெரிய தழும்பு.

வீட்டில் சாப்பிடும்போது, அவனைத் தோட்டத்திலிருந்து சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோய்விட்டார்கள் என்று சொன்னான். காட்டுக்குள் மழையிலும் காய்ச்சலிலும் மூன்று மழைக்காலம் கிடந்திருக்கிறான். நங்கை ரேடியோவைக் காட்டி, தினமும் கேட்டதைச் சொன்னார்.

அவன் கையில் எடுத்த கவளத்தை வைத்துவிட்டு, “அங்க வந்து யாரும்மா பேரு கேட்டாங்க?” என்றான். “செத்தவங்க பேரையே எழுதல. ரேடியோக்காரங்க எல்லாம் சிங்கப்பூரு, கோலாலம்பூருலதான். எம் பேரு வரவே வராது.”

நங்கை மகன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வராதா?” என்றார்.

“வராதும்மா.”

“சரி,” என்றார். “மத்தவங்க பேரு வந்துச்சு. நாங்க போயிச் சொன்னோம்.” பிறகு அவன் தட்டில் இன்னும் ஒரு கரண்டி குழம்பு ஊற்றினார்.

மறுநாள் காலையில் அவர்கள் திருச்செங்கோட்டு பஸ்ஸுக்குப் புறப்பட்டார்கள். ரேடியோவை எடுத்துப் போகச் சொன்னேன். ஊரில் இன்னும் கரண்டு வரவில்லையே, நீயே வைத்துக்கொள் என்றார். பஸ் கிளம்பும் முன் ஜன்னல் வழியே என்னை அழைத்து, “வர்ற தைப்பொங்கல் நோம்பிக்கு ரெண்டு பேரும் வந்து பத்து நாள் இருந்துட்டுப் போங்க. களி நான் கிண்டறேன்,” என்றார். போனோம். பத்து நாளும் இருந்தோம்.